இடம் வலம் மாறிய மினாரா

நேயர்களுக்கு வணக்கம். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலை 1893ஆம் ஆண்டுத் தீ பெரிதும் சிதைத்தது. அதற்கு முன் அது எப்படி இருந்தது என்று அறியப் பழைய ஒளிப்படங்கள் கைகொடுக்கின்றன. இத்தகைய படங்களைச் சான்றாக எடுப்பவர், அவை உருவான விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரான்ஸைச் சேர்ந்த ஜிரோ த பிராஞ்சே 1842இல் புறப்பட்டு, கெய்ரோ, அலெப்போ, ஜெருசலேம் எல்லாம் சுற்றி, டாகெரோடைப் என்னும் தொடக்ககால ஒளிப்பட முறையில் எடுத்த எண்ணூறுக்கும் மேற்பட்ட தகடுகளோடு ஊர் திரும்பினார். வெள்ளி பூசிய செம்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டிப் பொன்மஞ்சளாக்குவார்கள். கேமராவில் வைத்து எடுத்தபின் பாதரசத்தைச் சூடாக்கினால், அதன் ஆவி ஒளி பட்ட இடத்தில் வெண்மையாகப் படியும். பிறகு ஹைப்போ என்னும் வேதிக் கரைசலில் கழுவ வேண்டும். மெருகு சரியில்லையென்றால் கீறலும் கறையும் படத்தோடு சேர்ந்தே எழும்பும்.

இதில் நெகட்டிவ் கிடையாது. லென்ஸ் தந்த பிம்பமே தகட்டில் நிற்பதால் இடம் வலமாகிவிடும். வாசலுக்கு வலப்பக்கம் உள்ள மினாரா, அதாவது பள்ளிவாசல் கோபுரம், இடப்பக்கம் தெரியும். லென்ஸ் முன் கண்ணாடியோ பட்டகமோ வைத்தால் சரியாகும். ஆனால் ஒளி குறைந்து, எடுக்கும் நேரம் நீளும். புத்தகத்தில் அச்சிடும்போது சிலர் படத்தைத் திருப்புவார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். அதனால் சுவரில் உள்ள அரபு எழுத்தைத்தான் முதலில் தேட வேண்டும். ‘அல்’ என்னும் முன்னொட்டு ஒன்று தெளிவாகத் தெரிந்தால் போதும்: அதில் அலிஃப் என்னும் எழுத்து, லாம் என்னும் எழுத்துக்கு வலப்பக்கம் தனித்து நிற்க வேண்டும். இடப்பக்கம் நின்றால் படம் திரும்பியிருக்கிறது.

ஆக்ராவில் மருத்துவர் ஜான் மரே காகித நெகட்டிவில் தாஜ்மகாலை எடுத்தார். அச்சில் பக்கம் சரியாகிவிடும். ஆனால் காகிதத்தின் நார், பதித்த எழுத்தின் விளிம்பை மழுக்கும்.

நிறத்தை நம்பவே கூடாது. தகடு நீலத்தை அதிகம் வாங்கும், சிவப்பை ஏறக்குறைய உணராது. கெய்ரோவில் மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சுவர்களில் சிவப்புப் பட்டைகள் கறுத்துவிடும். ஜெருசலேமில் பாறைக் குவிமாடம் என்னும் இஸ்லாமியக் கட்டடத்தின் நீல ஓடுகள் வெளிறிவிடும்.

கெய்ரோச் சந்துகளில் பின்னால் நகர இடமில்லை. கேமராவை அண்ணாந்து சாய்த்தால் மினாரா மேலே குறுகிப் பின்னால் சரிவதுபோல் ஆகும். ஜிரோ தம் 19க்கு 24 சென்டிமீட்டர் தகட்டை நீளவாக்கில் வெட்டி, ஒல்லியான துண்டில் மினாராவை மட்டும் எடுத்தார். நல்ல கண் அவருக்கு. ஒளி வாங்க நேரம் பிடித்ததால், நடந்து போனவர்கள் தகட்டில் பதியவில்லை. வெறிச்சோடிய முற்றத்தைப் பார்த்து, பள்ளிவாசலில் தொழுகை நின்றுபோயிருந்தது என்று எழுதிவிடக் கூடாது.