ஏட்டுச் சுரைக்காயும் ஒழுகும் குழாயும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் உரையாற்றி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட கல்வித்துறை இயக்குநர் அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நீடித்த வளர்ச்சிக்கான கல்வியை, அதாவது இயற்கை வளங்களை வருங்காலத் தலைமுறைக்கும் விட்டுவைத்து வாழக் கற்பிக்கும் கல்வியை, பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றிப் பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, தேர்வுமுறை என மூன்று கூறுகளாகப் பேச விழைகிறேன்.

முதலில் பாடத்திட்டம். சுற்றுச்சூழல் கல்வி பல பாடங்களையும் இணைத்து நடைபெற வேண்டும் என்று 1977இல் திபிலீசி நகரில் கூடிய பன்னாட்டுச் சுற்றுச்சூழல் கல்வி மாநாடு பரிந்துரைத்தது. 1992இல் ரியோ நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல், வளர்ச்சி மாநாடு ஏற்ற 'செயல்திட்டம் 21' தன் 36ஆம் அத்தியாயத்தைக் கல்விக்கே ஒதுக்கியது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டை ஐக்கிய நாடுகள் அவை நீடித்த வளர்ச்சிக்கான கல்விக்கென அறிவித்தது. ஆயினும் பல வகுப்பறைகளில் இது பாடநூலின் கடைசி அத்தியாயமாகவே நிற்கிறது; ஆண்டிறுதியில் நாள் போதாதபோது முதலில் கைவிடப்படுவதும் அதுவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் மேடைதோறும் சொல்வதாக நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

நான் கணக்கு ஆசிரியனாக இருந்த காலத்தில், தேர்வு முடிந்து விடைத்தாளை நீட்டிய எட்டாம் வகுப்பு மாணவி, "ஐயா, நீரைச் சேமிக்கும் வழிகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டேன், வெளியே ஒழுகுகிற குழாயை யாரிடம் சொல்வது?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. அளவுக் குவளையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். நொடிக்கு ஒரு துளி; இருபது துளிக்கு ஒரு மில்லிலிட்டர்; நாளொன்றுக்கு 86,400 துளி, அதாவது நான்கே கால் லிட்டருக்கும் மேல்; ஆண்டுக்கு ஏறத்தாழ 1,577 லிட்டர். அந்தக் கணக்கை அவள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மாதக்கணக்கில் கடிதம் எழுதியும் வராத பழுதுபார்ப்பவர் இரண்டே நாளில் வந்தார். மாற்ற வேண்டியிருந்தது ஒரு ரப்பர் வாஷர்! அவளுடைய விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் குழாயை அடைத்தது அந்த ஏட்டுச் சுரைக்காய் அன்று.

ஆகவே இயக்குநர் அவர்களிடம் நான் வேண்டுவது புதிய பாடநூலை அன்று, பள்ளிதோறும் மாணவரே எழுதும் ஒரு நீர்க்கணக்கேட்டை. மீட்டர் அளவைக் காலையிலும் மாலையிலும் அவர்கள் குறிக்கட்டும். கணக்கு வகுப்பில் சராசரி காணட்டும். மொழி வகுப்பில் பழுதுக்கான விண்ணப்பம் எழுதட்டும். தலைவர் அவர்கள் நேரம் முடிந்ததெனச் சீட்டு அனுப்பியிருப்பதால் ஏனைய இரு கூறுகளை விட்டுவிடுகிறேன். நீர்க்கணக்கேடு குறித்த தீர்மானத்தை மட்டும் இன்றே இந்த அவை நிறைவேற்ற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.