வெள்ள மாதிரியில் முதலில் மழையைத் திறங்கள்

[திரையில்: சுருளோடு மலையடிவாரம் முதல் மணக்குடி பொழிமுகம் வரை பழையாறு, மேலே கட்டம் கட்டமாக வலை]

வணக்கம். பழையாற்றுக்கு, டஃப்ளோ என்ற வெள்ளக் கணிப்பு மென்பொருளில் ஒரு வெள்ள மாதிரி ஓட்டி முடித்தாச்சு. ரிசல்ட் வந்ததும் கை தானாக நீரின் ஆழத்தைத் திறக்கப் போகும்: சுசீந்திரத்தில் எத்தனை அடி, வயலில் எத்தனை அடி என்று. கொஞ்சம் பொறுங்கள். முதலில் மழை. அது தப்பானால் ஆழமும் தப்புதான்.

கேட்டால்தான் மாதிரி மழையை எழுதித் தரும். ஓட்டுவதற்கு முன்பே கன்ட்ரோல் ஃபைலில், மேப் அவுட்புட் டேட்டா டைப்ஸ் வரியில் ஆர்எஃப்ஆர், ஆர்எஃப்சி இரண்டையும் சேர்த்திருக்க வேண்டும். ஆர்எஃப்ஆர் என்பது மழையின் வேகம், மணிக்கு எத்தனை மி.மீ. என்று. ஆர்எஃப்சி அதுவரை பெய்த மொத்தம். பத்து நிமிடத்தில் 12 மி.மீ. கொட்டினால் வேகம் 72, மொத்தம் 12 தான்.

[திரையில்: கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள்]

ஆட் மெஷ் லேயரில், வலை இருக்கும் 2டிஎம் ஃபைலைக் கொடுங்கள். மழை இன்னும் தெரியாது, பயப்பட வேண்டாம். ப்ராப்பர்ட்டீஸில் சோர்ஸ் பக்கம் போய், ரிசல்ட் இருக்கும் எக்ஸ்எம்டிஎஃப் ஃபைலைச் சேர்த்தால் மழை வந்துவிடும். டெம்போரல் பக்கத்தில் மாதிரியின் பூஜ்ய நேரம் கடிகாரத்தில் எத்தனை மணி என்பதையும் கொடுங்கள். நான் காலை 8.30 வைப்பேன். மழைமானியில் அளவெடுக்கும் நேரம் அது, ஒப்பிடச் சுலபம்.

நிறத்தை மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். இருக்கும் சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையே அது நிறத்தைப் பரப்பிவிடும், ஒரு ஓட்டத்தில் உச்சம் 20 மி.மீ., இன்னொன்றில் 200 மி.மீ. என்றாலும் இரண்டும் ஒரே அடர்நீலமாகத் தெரியும். மொத்த மழைக்கு வானிலைத் துறையின் எல்லைகளையே வையுங்கள்: 64.5 முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. இவை 24 மணி நேரத்துக்கான எல்லைகள், ஒரு நாள் ஓட்டத்துக்குத்தான் பொருந்தும்.

[திரையில்: பூதப்பாண்டிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே கத்தியால் வெட்டினதுபோல் நிற எல்லை]

இந்தக் கோடு பிழையல்ல. ஒவ்வொரு மழைமானிக்கும் ஒரு பரப்பு ஒதுக்கியிருக்கிறோம், அதன் வேலிதான் இது. வானத்தில் இப்படி வேலி கிடையாது என்பது வேறு விஷயம்.

சரி, இப்போது பிளே அழுத்துங்கள். மழை மேலே மலைப்பக்கம் பாலமோர், சுருளோட்டில் கொட்டி ஓய்ந்த பிறகும் கீழே சுசீந்திரத்தில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு சொட்டு மழைகூட இருக்காது.

ஐடென்டிஃபை கருவியால் பாலமோர் மேல் சொடுக்கி, கடைசி நேரத்து மொத்தத்தை மானியின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒருமுறை எனக்கு அது சரியாக ஆறு மடங்கு வந்தது. மானி 100 என்றால் வரைபடம் 600. மாதிரிக்கு மழையைக் கொடுக்கும் அட்டவணையில், பத்து நிமிட வரிகளில் மணிக்கணக்கு வேகத்தை நிரப்பியிருந்தேன். டஃப்ளோ ஒவ்வொரு வரியையும் அந்தப் பத்து நிமிடத்தில் பெய்த அளவாக எடுத்துக்கொண்டது. அதற்குள் ஆழ வரைபடத்தைப் பார்த்து, "நாஞ்சில் நாடே முங்கிப்போச்சு" என்று இரண்டு பேருக்கு அனுப்பியும் விட்டேன்.

எண்களை ஆறால் வகுத்து மறுபடி ஓட்டினேன். அந்த இரண்டு பேருக்கும் போன் பண்ணினேன்.