ஒரே பொருள், இரண்டு படிகம்: ஒன்று மட்டும் ஏன் சிவக்கிறது?

[திரையில்: மஞ்சள் படிகங்கள் நிறைந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகள், அனிமேஷன்]

இந்த இரண்டு குப்பிகளையும் நன்றாகப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது சாலிசிலிடீன் அனிலீன். அணுவுக்கு அணு ஒரே பொருள். இப்போது புற ஊதா விளக்கைப் போடுகிறேன். இடது குப்பி மெல்லச் சிவக்கிறது. வலது குப்பி மஞ்சளாகவே கிடக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் ஒளியைக் காட்டினாலும் அது சிவக்கப் போவதில்லை.

காரணம் என்னவாக இருக்கும்? வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்தி, உங்கள் ஊகத்தைக் கருத்துப் பகுதியில் எழுதிவிட்டு வாருங்கள். உண்மையாகவே படித்துப் பார்ப்பேன்.

[திரையில்: 1909]

வேதியியல் ஆய்வகத்தில் ஷிஃப் காரம், அதாவது கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு கொண்ட இவ்வகைச் சேர்மம், தயாரித்தவர்களுக்கு இந்த மஞ்சள் பழக்கமானது. இந்தக் குடும்பத்துப் படிகங்களின் நிறமாற்றத்தை 1909-இல் அயர்லாந்தின் கால்வே நகரிலிருந்து ஆல்ஃபிரட் சீனியரும் ஷெப்பர்டும் எழுதினார்கள். அதற்கும் படிகத்தின் கட்டமைப்புக்கும் உள்ள உறவை 1960-களில் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் கோஹனும் ஷ்மிட்டும் கண்டுபிடித்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். உள்ளே போவோம்.

[திரையில்: மூலக்கூறின் படம், நடுப்பாலம் பெரிதாகிறது]

இரண்டு வளையங்கள். இடையில் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு பாலம். ஒரு வளையத்தின் ஓரத்தில் ஆக்சிஜன், அதைப் பற்றிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன். ஒளி பட்டதும் அந்த ஹைட்ரஜன் புரோட்டானாகப் பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவுகிறது. குறுகிய தாவல், இடம் கேட்காத தாவல். இரண்டு குப்பிகளிலும் இது நடக்கிறது. ஆனால் தாவிய புரோட்டான் வந்த வழியே உடனே திரும்பிவிட்டால் சிவப்பு நிலைக்காது. அது திரும்பாதிருக்க, மூலக்கூறு தன் நடுப்பகுதியைப் புரட்டி, நைட்ரஜனை ஆக்சிஜனிடமிருந்து விலக்கிவிட வேண்டும். சைக்கிள் பெடல் சுழல்வதுபோல் நடுப்பாலம் புரள, இரு பக்க வளையங்களும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். ஆய்வாளர்களும் இதைப் பெடல் அசைவு என்றே சொல்கிறார்கள். அப்படிப் புரண்ட மூலக்கூறுதான் சிவப்பு.

புரளக் கொஞ்சமாவது இடம் வேண்டும். அந்த இடம் எங்கிருந்து வருகிறது? இந்த வீடியோவை எடுத்ததே இதைச் சொல்லத்தான்.

[திரையில்: அப்பளக் கட்டு]

கடையில் வாங்கிய அப்பளக் கட்டைப் பாருங்கள். பொரிக்காத அப்பளம் தட்டையாக இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்து, ஒரு கட்டு முழுவதும் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் ஓர் அப்பளத்தை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்கள். முடியாது, மேலும் கீழும் இருப்பவை அழுத்திப் பிடிக்கின்றன. இப்போது அதே அப்பளங்களை எண்ணெயில் போட்டு எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் நெளிந்து வருகிறது. பத்தே அப்பளம் ஒரு குண்டானை நிரப்பிவிடும். அந்தக் குண்டானுக்குள் பாதிக்கு மேல் வெறும் காற்று! ஒன்றை விரலால் தள்ளினால் அது அசையும், பக்கத்தில் இருப்பதும் தடுக்காது.

வலது குப்பியில் இருப்பவை பொரிக்காத அப்பளங்கள். மூலக்கூறுகள் ஏறக்குறையத் தட்டையாக, ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய அடுக்குகளில் இடைவெளி சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம்தான். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இடது குப்பியிலோ, ஒரு வளையம் மற்றொன்றிலிருந்து ஏறக்குறைய 50 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. முறுக்கிய உருவங்கள் நெருங்கிப் படியாது, அந்தச் சந்தில்தான் பெடல் சுழல்கிறது. சூடாக்கினாலோ, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டினாலோ சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும்.

அப்படியானால் நாமே இடம் உண்டாக்கித் தரலாமே என்று தோன்றுகிறது அல்லவா? ஜப்பானில் கவாட்டோ குழுவினர் அதைத்தான் செய்தார்கள். மூலக்கூறில் டெர்ட்-பியூட்டைல் என்ற பருத்த குமிழ்களை ஒட்டினார்கள். அக்கம்பக்கம் தள்ளிப்போனது, ஒளியில் நிறமும் மாறியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ஆனால் சிவந்த மூலக்கூறை நேரில் பார்ப்பது எளிதாக இல்லை. புற ஊதா ஒளியைப் படிகத்தின் மேற்பரப்பே விழுங்கிவிடும், உள்ளே எல்லாம் மஞ்சள். மூலக்கூறின் உருவத்தைக் காட்டும் எக்ஸ் கதிருக்கோ படிகத்தின் ஆழத்திலும் போதிய அளவு மாறியிருக்க வேண்டும். ஹராடா, உவேகுசா, ஓஹாஷி ஆகியோர் 1999-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். படிகம் தடுக்காத நீண்ட அலைநீள லேசரை உள்ளே செலுத்தி, இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, ஒரே மூலக்கூறு ஒருசேர விழுங்கும்படி செய்தார்கள். ஆழத்திலும் சிவந்தது, புரண்ட உருவம் எக்ஸ் கதிரில் பதிவானது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு அழகு!



[திரையில்: ஊசி போன்ற படிகம், நுண்ணோக்கிக் காட்சி]

இவ்வளவும் கேட்டபின் படிகம் என்றாலே சிறை என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் மசாஹிரோ இரியே உருவாக்கிய டைஅரைல்எத்தீன்களில் கதை தலைகீழ். ஒளி பட்டதும் மூலக்கூறுக்குள் இரண்டு கார்பன்கள் இணைந்து நிறம் மாறும் பொருள்கள் இவை. கரைசலில் அவற்றில் ஏறக்குறையப் பாதி தவறான மடிப்பில் மிதக்கின்றன, அவற்றின்மேல் விழும் ஒளி வீண். படிகத்தில் அண்டை மூலக்கூறுகள் எல்லாவற்றையும் சரியான மடிப்பில் பிடித்து வைக்கின்றன. இணைய வேண்டிய இரண்டு கார்பன்களுக்கு இடையே 4.2 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான தூரம் இருந்தால், விழுங்கிய ஃபோட்டான் ஏறக்குறைய ஒவ்வொன்றும் வேலை செய்கிறது.

2007-இல் அவரும் கொபடாகே உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் தலைமுடியைவிட மெல்லிய அத்தகைய படிகக் கம்பி ஒன்றின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட பக்கம் சுருங்க, கம்பி ஒளியை நோக்கி வளைந்தது, தன்னைவிடப் பல மடங்கு கனமான தங்கத் துகளையும் நகர்த்தியது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டியதும் மறுபடி நேராக நிமிர்ந்தது.