ஒரு சொட்டு ஒயிலும் சிந்தாம போட் இஞ்சின் பில்டர் மாத்துறது எப்பிடி?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணன்மாரே, காக்காமாரே, இண்டைக்கு வாழைச்சேனை பக்கம் ஓடுற மாதிரி உள்ளுக்க டீசல் இஞ்சின் வச்ச போட்டில ஒயில் பில்டர் கழட்டுறதப் பாப்பம். ரோட்டு வாகனத்தில கீழ ஒரு தட்டு வச்சா வேலை முடிஞ்சுது. போட்டில இஞ்சினுக்குக் கீழ தண்ணி தேங்குற பள்ளம்தான் இருக்கு. அதுக்குள்ள ஒயில் விழுந்தா, ஓட்டோ பம்ப் அத அப்பிடியே வாவிக்கோ கடலுக்கோ தள்ளிரும். அதால முதல் வேலை, அந்த பம்பின்ட ஓட்டோ சுவிட்ச ஓஃப் பண்ணுறது. வேலை முடிஞ்சதும் மறக்காம திருப்பிப் போடுங்க.

இஞ்சின அஞ்சு, பத்து நிமிஷம் ஓட்டி நிப்பாட்டுங்க. குளிர்ந்த ஒயில் தடிப்பா இருக்கும், ஊத்தையும் அடியிலயே தங்கிரும். ஆனா உடனே கை வைக்காதீங்க. ஒரு பதினஞ்சு நிமிஷம் விட்டா பில்டர் கை தாங்குற சூட்டுக்கு வரும், மேல நிக்கிற ஒயிலும் கீழ இறங்கும். புகைக்குழாய் பக்கம் அப்பவும் சுடும், கவனம்.

இப்ப பழைய ஒயில். அடி நட்டைக் கழட்ட இடமில்லாத போட்டுகள்தான் கூட. டிப் ஸ்டிக் குழாய்க்குள்ள மெல்லிய குழாயை அடி தட்டுமட்டும் விட்டு, உறிஞ்சுற கைப்பம்பால கானுக்குள்ள இழுங்க. எவ்வளவு வெளிய வந்தது எண்டு அளந்து வைங்க. புத்தகத்தில உள்ள அளவை விட நல்லாக் குறைவா வந்தா, குழாய் அடிக்குப் போகல்ல.

கழட்ட முதல் புது பில்டரப் பழசுக்குப் பக்கத்தில பிடிச்சுப் பாருங்க. வெளித் தகரம் ஒரே மாதிரி இருக்கும், மரை வேறயா இருக்கும். ரப்பர் வளையத்தின்ட அகலமும் சரியா இருக்கணும். கடைக்காரர் "இதும் போடலாம்" எண்டா, பாட்ஸ் நம்பரை வச்சுத்தான் நம்புங்க.

சிந்துற இடம் இதுதான், கமராவக் கிட்டக் கொண்டு வாறன். பில்டருக்குள்ள அரை லீற்றர் வரைக்கும், பெரிசெண்டா அதுக்கு மேலயும் ஒயில் நிக்கும். மரை விடுபட்ட உடனே அது வாயால வழியும்.

வாய் மேல பார்த்துத் தொங்குற பில்டர் எண்டா, பெல்ட் ஸ்பனரால அரைச் சுத்து மட்டும் இளக்குங்க. ஸ்பனர எடுத்திட்டு, ஓட்டையில்லாத தடிச்ச சொப்பிங் பை ரெண்ட ஒண்டுக்குள்ள ஒண்டு வச்சு, பில்டர முழுசா மூடி, பைக்கு வெளியால கையாலயே சுத்துங்க. பில்டர் பைக்குள்ளயே விழும். அத நிமிர்ந்தபடி வெளிய எடுங்க, அவ்வளவுதான்.

படுத்திருக்கிற பில்டர்தான் சரியான தொல்லை. பை மட்டும் காணாது. ரெண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல நீளவாட்டில வெட்டி, பில்டரின்ட வாய்க்கு நேர் கீழ ஓடை மாதிரி செருகி, மற்ற நுனிய கானுக்குள்ள விடுங்க. இளக்கினதும் நிறுத்துங்க. ஒழுகல் முடியட்டும், பிறகு சுத்துங்க.

கீழ விரிக்கிறதுக்கு பழைய துணியே நல்லம். பிள்ளைகளின்ட பம்பர்ஸ் போடுற ஆட்களும் இருக்கிறாங்க. பள்ளம் காய்ஞ்சிருந்தா சரி, தண்ணி கிடந்தா பம்பர்ஸ் தண்ணியத்தான் முதல்ல குடிக்கும். சிந்திட்டா சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவாதீங்க. ஒயில் தண்ணியோட கலந்து, துடைச்செடுக்க முடியாம போகும்.

இறுகிப் போன பில்டருக்குள்ள ஸ்குரூ ட்ரைவரக் குத்தித் திருப்புறது வேணாம். தகரம் கிழிஞ்சா ஒயிலும் கொட்டும், பிடிக்கவும் ஒண்டும் மிஞ்சாது. பெல்ட்டுக்கும் பில்டருக்கும் இடையில மண் கடதாசித் துண்டொண்ட வச்சு, வாய்ப் பக்கமாப் பிடிச்சுத் திருப்புங்க. அங்கதான் தகரம் பலம்.

கழட்டினதும் இஞ்சின்ட முகத்த விரலாலத் தடவிப் பாருங்க. பழைய ரப்பர் வளையம் ஒட்டி நிண்டிருக்கும். அதுக்கு மேல புதுசப் போட்டா ரெண்டு வளையமாகி, பிரஷர் ஏறினதும் ஒயில் முழுக்க வெளிய பீச்சிரும். கடலில அது நடந்தா இஞ்சின் முடிஞ்சுது.

புது வளையத்தில புது ஒயில் தடவுங்க. தொங்குற பில்டருக்கு முக்கால்வாசி நிரப்பலாம், ஆனா நடு ஓட்டையால ஊத்தாதீங்க. அது சுத்தமான ஒயில் போற வழி. சுத்தியுள்ள சின்னத் துளைகளால மெல்ல ஊத்துங்க. படுத்த பில்டரக் காலியாவே போடுங்க. ரப்பர் முட்டின இடத்திலயிருந்து முக்கால் சுத்து, கையால. பில்டரில வேற கணக்கு எழுதியிருந்தா அதுதான் சரி.

பெரும்பாலும் 15டபிள்யூ-40 ஒயில்தான், ஆனா உங்கட இஞ்சின் புத்தகத்தப் பாருங்க. சொல்லியிருக்கிற அளவுக்கு அரை லீற்றர் குறைவா ஊத்தி, டிப் ஸ்டிக் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்க. இஞ்சின் ஸ்டார்ட் ஆகாம இருக்க ஸ்டொப் கேபிள இழுத்துப் பிடிச்சபடி, ஒவ்வொரு தடவையும் பத்து செக்கனுக்கு மேல போகாம, ஒயில் பிரஷர் லைட் அணையும்வரைக்கும் ஸ்டார்ட்டரால இஞ்சினச் சுத்த விடுங்க. கடல் தண்ணி புகையோட சேர்ந்து வெளிய போற போட் எண்டா, அந்த நேரம் கடல் தண்ணி வால்வ மூடிருங்க. இல்லாட்டி சைலன்சர் நிறைஞ்சு தண்ணி இஞ்சினுக்குள்ளயே ஏறும். ஸ்டார்ட் பண்ண முதல் திறக்க வேணும், சாவியில ஒரு துணி கட்டி வைங்க, ஞாபகம் வரும். ஓடவிட்டு ஒழுகல் பாருங்க. நிப்பாட்டி அஞ்சு நிமிஷத்தால ஒயில் மட்டத்தையும் பாருங்க.

எடுத்த ஒயில் பால் தேத்தண்ணி நிறமா இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. ஒயில் கூலரோ ஹெட் கேஸ்கட்டோ பார்க்காம கடலுக்குப் போகாதீங்க. மட்டம் தானா ஏறி டீசல் மணத்தா, டீசல் பம்பையும் நொசிலையும் பாருங்க.

மாரிக்குப் போட்டக் கரையில நிப்பாட்ட முதலே மாத்துங்க, நிப்பாட்டி எடுத்த பிறகில்ல. பழைய ஒயிலில உள்ள அமிலமும் ஈரமும் அந்த மாசங்கள்ல பெயாரிங்கத் திண்டிரும். கழிவு ஒயில வேலிக் கட்டைக்குப் பூசாம, கான்ல மூடி, பழைய ஒயில் எடுக்கிற கராஜுக்குக் குடுங்க. தோலுக்குக் கூடாது, கையுறை போடுங்க. புது பில்டரில மார்க்கரால திகதியும் இஞ்சின் ஓடின மணிக்கணக்கும் எழுதுங்க. உங்கட பில்டர் தொங்குதா, படுத்திருக்கா எண்டு கீழ எழுதுங்க. அடுத்தது டீசல் பில்டரில காத்து எடுக்கிறது.