மாமனார், மாமியார், ரெண்டு பிள்ளைங்களோட கெந்திங்: மூணு நாள் போதுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. சிங்கப்பூர் ஈசூன்லருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க, படிச்சிடறேன். "வணக்கம் அண்ணா. ஜூன் லீவுல குடும்பத்தோட மலேசியாவுல இருக்கிற கெந்திங் ஹைலண்ட்ஸ் மலைக்குப் போகலாம்னு இருக்கோம். நானும் பிள்ளைங்களும் சிங்கப்பூர் குடியுரிமை, வீட்டுக்காரர் பிஆர், அதாவது நிரந்தரவாசி. மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்துலருந்து வந்து எங்களோட இருக்காங்க. மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். பையனுக்கு ஒம்பது வயசு, பொண்ணுக்கு நாலு. மூணு நாள் ரெண்டு ராத்திரி போதுமா? ராத்திரி பஸ் மலிவா இருக்கு, அதுல போகலாமா? கேசினோ இருக்கிற ஊருக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணுமான்னு மாமனார் கேக்கிறார்."

தெளிவா எழுதியிருக்கீங்கம்மா. யார் யார் வர்றாங்க, யாருக்கு என்ன முடியாதுங்கிறதை எல்லாம் சொல்லிட்டீங்க. அதனால நேராவே பதில் சொல்றேன். மூணு நாள் போதாது. சிங்கப்பூர்லருந்து கேஎல், அதாவது கோலாலம்பூர், சுமார் 350 கிலோமீட்டர், அதுக்கு மேல மலைக்கு இன்னும் ஐம்பது அறுபது. போக ஒரு நாள், வர ஒரு நாள் ரோட்டுலயே கழிஞ்சிடும். மூணு நாள்னு பேரு, மலை மேல உங்க கைக்கு முழுசா வர்றது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள்ல மழை பெய்ஞ்சா அதுவும் போச்சு. ஒரு ராத்திரி கூட்டி, நாலு நாளா வச்சுக்கோங்க. லீவு கிடைக்கலைன்னா பஸ்ஸை விட்டுட்டு ப்ளேன்ல போங்க. சாங்கியிலருந்து கேஎல் ஒரு மணி நேரப் பறப்புதான்.

டிக்கெட், ரூம் எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. மாமனார் மாமியாரோட சிங்கப்பூர் விசா தாளை எடுத்துப் பாருங்க. அதுல சிங்கிள் ஜர்னின்னு இருக்கா, மல்டிப்பிள் ஜர்னின்னு இருக்கா? சிங்கிள்னு இருந்தா, சிங்கப்பூருக்குள்ள வர்றதுக்கு அவங்களுக்குக் கொடுத்த ஒரு தடவை ஏற்கெனவே முடிஞ்சு போச்சு. மலேசியாவுக்குப் போயிடலாம், திரும்ப உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடிக்கு வந்து நிக்கும்போது உள்ளே வர விசா இருக்காது. பெரியவங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு செக்பாயிண்ட்ல அந்த நிலைமை வேண்டவே வேண்டாம். மல்டிப்பிள்னு இருந்தாலும் விசா எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பார்த்துக்கோங்க. திரும்பி வரும்போது எத்தனை நாள் தங்க விடுறாங்கங்கிறதை குடிநுழைவு அதிகாரி புதுசா முடிவு பண்ணுவார். அவங்க ஊருக்குத் திரும்புற டிக்கெட்டைக் கையில வச்சிருங்க.

மலேசியா பக்கம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1லருந்து விசா கேக்கிறதில்லை, 30 நாள் வரைக்கும் இருக்கலாம். அந்தச் சலுகையை 2026 கடைசி வரைக்கும் நீட்டியிருக்காங்க. ஆனா மலேசியாவோட டிஜிட்டல் வருகை அட்டை இருக்கு பாருங்க, எம்டேக்னு சொல்றோமே, அது உங்க வீட்டுக்காரருக்கும் வேணும், மாமனார் மாமியாருக்கும் வேணும். பிஆர்னா வேண்டாம்னு நிறையப் பேர் நினைச்சுக்கறாங்க. விலக்கு சிங்கப்பூர் குடிமக்களுக்குத்தான், அதனால உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் தேவையில்லை. போய்ச் சேர்ற நாளுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள போடணும். ரோடு வழியாத் திரும்பி வரும்போது பெரியவங்க ரெண்டு பேருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையும் போடணும். ரெண்டுமே இலவசம். காசு கேட்டா அது வேற யாரோ நடத்துற தளம், உடனே மூடிட்டு வெளியே வந்துடுங்க. பிஆர் திரும்ப உள்ளே வர்றதுக்கான ரீ-என்ட்ரி பர்மிட் வீட்டுக்காரருக்கு எந்தத் தேதி வரைக்கும் இருக்குன்னும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. எல்லாருடைய பாஸ்போர்ட்லயும் ஆறு மாசமாவது மிச்சம் இருக்கணும்.

இப்ப ராத்திரி பஸ். மலிவுதான், ஒத்துக்கறேன். இளவட்டங்க நாலு பேர் போறதா இருந்தா தாராளமாப் போங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க வீட்டு ஆளுங்களுக்கு ஒத்து வராது. ஏன்னு கேளுங்க. பத்து பதினோரு மணிக்கு பஸ் ஏறுவீங்க. பொண்ணு அப்பதான் தூங்கியிருக்கும். உட்லண்ட்ஸ்ல எல்லாரும் இறங்கணும், பாஸ்போர்ட் சோதனையை முடிக்கணும், திரும்ப ஏறணும். பாலம் தாண்டினதும் ஜேபியில, அதாவது ஜோகூர் பாருவுல, மறுபடி இறங்கணும். இந்தத் தடவை பெட்டியையும் தூக்கிட்டுப் போய் ஸ்கேன்ல போடணும். தூங்குற குழந்தை ஒரு தோள்ல, பெட்டி ஒரு கையில, முழங்கால் வலியோட மாமியார் பின்னாடி வர்றாங்க, கூட்டமோ நம்மைத் தள்ளிட்டு முன்னாடி ஓடுது. இதெல்லாம் தாண்டி விடியக்காலையில மலையில கொண்டு போய் விட்டுடுவான். ரூம் கொடுக்கிறது மத்தியானம் மூணு மணி வாக்குல. அது வரைக்கும் ஆறு பேரும் எங்கே உட்காருவீங்க? பஸ்ல மிச்சம் பிடிச்ச காசு அன்னைக்குக் காலையிலேயே காபி, சாப்பாடு, சிடுசிடுப்புன்னு செலவாகிடும்.

அதனால என் கருத்து, பகல்ல போங்க. காலைல கிளம்பி முதல் ராத்திரி கேஎல்ல தங்கிடுங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரூம் எடுத்தா கீழே இறங்கினாலே நம்ம சாப்பாடு. மாமியாருக்கு இட்லி பத்திக் கவலை இல்லை. கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய் ஞாயித்துக்கிழமை திரும்புற திட்டம் ஜூன் மாசத்துல வேண்டவே வேண்டாம். திங்கள் கிளம்பி வியாழன் திரும்புங்க. செக்பாயிண்ட்லயும் கூட்டம் குறைவு, மேல ரூம் வாடகையும் குறையும். மலேசியப் பள்ளி லீவு எந்த வாரம்னும் பார்த்து, முடிஞ்சா அது சேராத வாரமா எடுங்க.

ரெண்டாம் நாள் காலைல ஏழு மணிக்கெல்லாம் பத்துமலையில இருங்க. கெந்திங் போற வழிதான், பெரிய சுத்து கிடையாது. உங்க மாமனார் மாமியாருக்கு இந்தப் பயணத்துலயே பெரிய விஷயம் இதுவாத்தான் இருக்கும். கும்பகோணத்துலருந்து வந்தவங்க, சுவாமிமலை பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவங்க, 140 அடி முருகனை அடிவாரத்துல நின்னு அண்ணாந்து பார்க்கட்டும். 2006ல திறந்த சிலை அது. கோயில் அதுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தினது, அதை நிறுவின தம்புசாமிப் பிள்ளை காலத்துலருந்து இருக்கு. 272 படி. மாமியாரை ஏறச் சொல்லாதீங்க, அவங்களே ஏறுறேன்னு சொன்னாலும் விடாதீங்க. ஏறுறதை விட இறங்குறப்பதான் முழங்கால் போகும். கீழேயும் சன்னதிகள் இருக்கு, யாராவது ஒருத்தர் கூட உட்கார்ந்து இருங்க. பையனை மாமனாரோட மேல அனுப்புங்க. கையில பை, பாட்டில் எதுவும் வேண்டாம், குரங்குங்க பிடுங்கிடும். அடிவாரத்துலயே சைவக் கடைகள் இருக்கு, பசியாறிட்டு கிளம்பலாம்.

அங்கிருந்து அவானா கேபிள் கார் நிலையம் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். காரோ வேனோ எதுல போனாலும் அவானாவுலயே இறங்கி கேபிள் கார்ல ஏறுங்கன்னு சொல்வேன். மேல போக பத்து நிமிஷம். காட்டுக்கு மேல போகும், சில சமயம் மேகத்துக்குள்ளேயே புகுந்து போகும், ஒண்ணுமே தெரியாது, திடீர்னு கட்டடம் எல்லாம் முன்னாடி வந்து நிக்கும். பெரியவங்களும் குழந்தையும் ஒரே மாதிரி வாயைப் பிளந்து பார்க்கிற இடம் இது. நடுவுல சின் சுவீ கோயில் நிலையத்துல இறங்கியும் பார்க்கலாம். காது அடைக்கும், பொண்ணுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துடுங்க. ரோட்டுல மேல போறது கூடாதுன்னு இல்லை, ஆனா அந்த மலை ரோடு செங்குத்து. 2013 ஆகஸ்ட்ல அங்கே ஒரு பஸ் பள்ளத்துல விழுந்து 37 பேர் போயிட்டாங்க. சொந்தக் கார்ல போற மத்த நேயர்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுட்டு வராதீங்க, கீழ் கியர்ல போட்டு மெதுவா இறங்குங்க. சிங்கப்பூர் வண்டின்னா விஇபி, அதாவது மலேசியாவுக்குள்ள வண்டி நுழையறதுக்கான அனுமதி, ஒட்டியிருக்கணும், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் டாங்க் முக்காலுக்குக் குறையாம இருக்கணும். இது தெரிஞ்ச விஷயம்தான்.

மேல தங்குற இடம். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல்ல 7,351 ரூம் இருக்கு, ரூம் எண்ணிக்கையில உலகத்துலயே பெரிய ஹோட்டல்னு கின்னஸ்ல இருக்கு. அவ்வளவு ரூம்னா அவ்வளவு கூட்டமும் உண்டு. ரூம் சாவிக்கு ஒருத்தர் மட்டும் போய் நில்லுங்க, மத்தவங்க உட்காரட்டும். கீழே கோத்தோங் ஜெயாவுல வாடகை குறைவு, ஆனா உங்களுக்கு அது வேண்டாம். மாமியாருக்குக் கால் வலிச்சா அஞ்சு நிமிஷத்துல ரூமுக்குப் போய்ப் படுக்கணும். மேல தங்குறதுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு அதுக்குத்தான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு பத்து ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக் கேப்பாங்க, கொடுத்துடுங்க, அது அரசாங்க வரி.

மூணாம் நாள்தான் பிள்ளைங்களோட நாள். ஸ்கைவேர்ல்ட்ஸ் வெளியில இருக்கிற பூங்கா, 2022ல திறந்தது. ஸ்கைட்ராபோலிஸ் கட்டடத்துக்குள்ள இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு ஓடாதீங்க. கடல் மட்டத்துலருந்து 1,800 மீட்டர் உயரம், மத்தியானத்துக்கு மேல மழையும் மூடுபனியும் வர வாய்ப்பு அதிகம், இடி மின்னல்னா வெளி ராட்டினங்களை நிறுத்திடுவாங்க. அதனால காலைல வெளிப் பூங்கா, கதவு திறக்கும்போதே நில்லுங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பிள்ளைங்க ரெண்டு பேரையும் செவுத்துல நிக்க வச்சு உயரம் அளந்துடுங்க. எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம்னு பூங்கா இணையத்தளத்துல இருக்கும். அரை மணி நேரம் வரிசையில நின்னு வாசல்ல போய், "தங்கச்சிக்கு உயரம் பத்தலை"ன்னு திருப்பி அனுப்பினா அந்த நாலு வயசுக் குழந்தையைச் சமாதானப்படுத்த முடியாது.

இதைச் சொல்லியே ஆகணும். கெந்திங்ல ஸ்கைஅவென்யூ கடைத்தொகுதி பக்கம் எந்த நேரம் போனாலும் பெஞ்சுல ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாங்க. மடியில ரெண்டு பை, பக்கத்துல நாலு பை, பேரப்பிள்ளையோட ஸ்வெட்டர் தோள்ல. எல்லாரும் உள்ளே விளையாடப் போயிருப்பாங்க, இவங்க சாமான் காவல். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். பேசக்கூட ஆள் இல்லை, போன்ல மலேசியா சிம் கிடையாது, பாத்ரூம் போகணும்னா பையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்காது. அவங்களும் ஊர் பார்க்கத்தானே வந்திருக்காங்க! உங்க மாமியாரை அப்படி உட்கார வைக்காதீங்கம்மா. பெரியவங்களுக்குப் பூங்கா டிக்கெட் வாங்க வேண்டாம், அது சரி. நீங்களும் வீட்டுக்காரரும் முறை போட்டுக்கோங்க. ஒருத்தர் பையனோட ராட்டினத்துல, இன்னொருத்தர் சின்னதையும் பெரியவங்களையும் கூட்டிட்டு. ஸ்கைட்ராபோலிஸ்ல உள்ளே சும்மா நடந்து பார்க்க டிக்கெட் கிடையாது, பேத்தி சின்ன ராட்டினத்துல சுத்துறதைப் பாட்டி நின்னு பார்க்கலாம். மத்தியானம் சாப்பிட்டதும் ரூமுக்கு, எல்லாருக்கும் தூக்கம். சாயந்திரம் மறுபடி சேர்ந்து வெளியே வாங்க. ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும், மாமியாருக்குக் காலுறையும் சால்வையும் கட்டாயம். குளிர்ல முழங்கால் வலி கூடும், தைலம், மாத்திரை எல்லாம் கைப்பையிலயே இருக்கட்டும். இருமல், மூச்சு இரைப்பு ஏதாவது இருந்தா முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கோங்க.

சைவச் சாப்பாடு மேலயும் கிடைக்கும், ஆனா கீழ இருக்கிற மாதிரி தெருவுக்கு ரெண்டு கடை எதிர்பார்க்காதீங்க, விலையும் கூட. புளியோதரை, தயிர் சாதத்துக்கு ஊறுகாய், சப்பாத்தி ஒரு வேளைக்குக் கட்டி எடுத்துக்கோங்க. ஒரு ஃபிளாஸ்க்ல வெந்நீர்.

கடைசியா மாமனார் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, பெரியவர் கேக்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கார். கேசினோவுக்குள்ள 21 வயசுக்குக் கீழே யாரையும் விட மாட்டாங்க. முஸ்லிம்களுக்கும் அனுமதி இல்லை. பிள்ளைங்க போற பூங்கா, கடை, சாப்பாட்டு இடம் எல்லாம் தனி, கேசினோவைக் கடக்காமலேயே நாலு நாளையும் கழிச்சுட்டு வந்துடலாம். பிள்ளைங்களைப் பத்தி எனக்கு அங்கே பயம் இல்லை. பெரிய ஆம்பளைங்க, பொம்பளைங்களைப் பத்தித்தான். இங்கே சிங்கப்பூர்ல குடிமக்களும் பிஆரும் கேசினோவுக்குள்ள போகணும்னா ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டணும், அந்த வாசல்லயே நம்ம கால் ஒரு நிமிஷம் நிக்கும். அங்கே அந்த வாசல் கட்டணம் கிடையாது. பிள்ளைங்க தூங்கினதும் "அரை மணி நேரம் சும்மா பார்த்துட்டு வரேன்"னு போய், டூர் காசு மொத்தத்தையும் விட்டுட்டு விடியக்காலையில திரும்பி வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைங்க மறுநாள் ராட்டினம் கேட்டு அழுதாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிடுங்க, போறதில்லைன்னு. மாமனார் முன்னாடியே பேசுங்க, அவருக்கும் நிம்மதி.

ரூம் எந்தத் தேதிக்குக் கிடைச்சுதுன்னு எழுதுங்கம்மா. அடுத்த கேள்வி தெம்பனிஸ்லருந்து, ஜேபியில டாக்சி எடுக்கிறதைப் பத்திக் கேட்டிருக்காங்க. அதைப் பார்ப்போம்.