புறநகரின் கடைகளும் திடல்களும்: நடை தூரம் ஏன் முக்கியம்?

[காட்சி: மேலிருந்து தெரியும் ஒரு குடியிருப்புப் பகுதி]

வணக்கம். ஒரு புறநகரில் சிறு கடைகள் நிலைப்பதும், குழந்தைகள் மாலையில் வெளியே விளையாடுவதும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும் பெருமளவு ஒன்றையே பொறுத்திருக்கின்றன: வீட்டிலிருந்து கடைக்கும் பூங்காவுக்கும் நடந்து போக முடியுமா என்பதே அது.

இதைத் திட்டமாக வகுத்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி. நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக 1929-இல் அவர் வெளியிட்ட வரைவில், ஒரு குடியிருப்பு அலகு ஏறத்தாழ 160 ஏக்கர் பரப்புடையது. நடுவில் பள்ளி இருக்கும்; பெரும்பாலான வீடுகளிலிருந்து அது சுமார் 400 மீட்டரில், அதாவது ஐந்து நிமிட நடையில் இருக்க வேண்டும். நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கப்படும். கடைகளை அவர் விளிம்பில், பிரதான சாலைகள் சந்திக்கும் முனைகளில் வைத்தார். அங்கே அடுத்த குடியிருப்பின் கடைகளும் சேர்ந்துகொள்வதால் வணிகம் வலுப்படும் என்பது அவருடைய கணக்கு.

[காட்சி: பெரியின் வரைவைப் போன்ற படம், நடுவில் பள்ளி, முனைகளில் கடைகள்]

திடலைப் பற்றி அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். கடைகளை எல்லாம் விளிம்புக்குத் தள்ளியதை மட்டும் ஏற்க முடியவில்லை. முடிதிருத்தகம், மருந்துக்கடை, தையற்கடை போன்றவை, வேறு வேலையாக அவ்வழியே நடப்பவர் கண்ணில் பட்டு உள்ளே நுழைவதால் வாழ்பவை. பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் வழியில் ஒரு கடை இருந்தால், அதற்கு விளம்பரமே தேவைப்படுவதில்லை. மேலும், கடையில் தெருவைப் பார்த்தபடி ஒருவர் எப்போதும் அமர்ந்திருப்பது அங்கே விளையாடும் குழந்தைகளுக்கும் தனியாக நடக்கும் முதியவர்களுக்கும் பாதுகாப்பாகிறது.

ஆனால், வரலாறு வேறு திசையில் சென்றது. குடியிருப்பையும் வணிகத்தையும் தனித்தனி மண்டலங்களாகப் பிரிக்கும் விதிகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே ஓஹியோவில் யூக்ளிட் என்ற புறநகரில் எழுந்தது. பிறகு கார் பெருகியது. 1956-இல் மினசோட்டாவின் ஈடைனாவில், முழுவதும் கூரையிடப்பட்ட சவுத்டேல் வணிக வளாகம் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த விக்டர் குரூன், வளாகத்தைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா எல்லாம் அமையும் ஊர் மையமாகவே அதைக் கருதியிருந்தார். எழுந்ததோ வளாகமும் அதைச் சூழ்ந்த பரந்த வாகன நிறுத்துமிடமும்தான். தம் கருத்து இப்படித் திரிந்ததை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார்.

[காட்சி: முட்டுச்சந்துகள் நிறைந்த தெரு வரைபடம்]

ஏற்கெனவே கட்டிமுடித்த புறநகரையும் திருத்தலாம். பள்ளித் திடலை மாலையில் ஊராருக்குத் திறந்துவிடலாம். பெரியே பல ஆண்டுகள் இதற்காகப் பாடுபட்டவர். தெருமுனை வீடுகளின் தரைத்தளத்தில் சிறு கடைகளை அனுமதிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக நான் கேட்பது நடைவழிகளை. முட்டுச்சந்துகள் நிறைந்த பகுதியில், மதிலுக்கு அப்பால் தெரியும் பூங்காவுக்கும் பல தெருக்களைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. இரண்டு மனைகளுக்கு இடையே ஒரு குறுகிய பாதையைத் திறந்து விளக்குப் போட்டால், ஒரு வீட்டையும் இடிக்காமல் அந்தப் பூங்கா நடை தூரத்துக்குள் வந்துவிடும்.