எழுந்து போனவரையும் மதித்த சினிமா

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'அறுபதுகளின் அமெரிக்கப் பரிசோதனைச் சினிமா பார்வையாளரை மதித்ததா, அவமதித்ததா?' இதுதான் இன்றைய தலைப்பு. வழக்கமான கதைப்படப் பாதையை விட்டு விலகி எடுத்த படங்களைத்தான் பரிசோதனைச் சினிமா என்கிறோம். அது மதித்தது என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிப் பேராசிரியர், அமெரிக்க ஓவியரும் திரைப்படக் கலைஞருமான ஆண்டி வார்ஹோலின் 'ஸ்லீப்' படத்தைக் கையில் எடுத்தார். ஒருவர் தூங்குவதை 5 மணி 20 நிமிடம் காட்டிக் காசு வாங்குவது ரசிகனின் முகத்தில் அறைவது ஆகாதா என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

1964 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அந்தப் படம் திரையிடப்பட்டபோது சுமார் 500 பேர் வந்தார்கள். முதல் முக்கால் மணி நேரம் திரையில் தூங்குகிறவரின் வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு முகம் வந்தது. பொறுக்க மாட்டாத ஒருவர் திரைக்கு ஓடிப்போய், அந்தப் பிரம்மாண்டமான காதருகே நின்று "எழுந்திரு!" என்று கத்தினார். முன்கூடத்தில் காசைத் திருப்பிக் கேட்டு ஒரு கூட்டம் திரண்டது. அரங்க மேலாளர் வேறொரு காட்சிக்கான இலவசச் சீட்டுகளைக் கொடுத்துச் சமாளித்தார். படம் முடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய 50 பேர்.

பார்த்தீர்களா, 450 பேர் ஓடிவிட்டார்கள் என்று எதிரணி மகிழலாம். ஆனால் இந்தக் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? மேலாளரே கடிதமாக எழுதினார். அதை நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் தன் பத்தியில் வெளியிட்டவர் ஜோனஸ் மேகஸ். லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்து இந்த இயக்கத்துக்கே முதுகெலும்பாக நின்ற மனிதர் அவர். தன் தரப்புப் படத்துக்கு எதிராக எழுந்த கூச்சலை அவர் மறைக்கவில்லை. எழுந்து போனவரின் கோபத்துக்கும் பத்தியில் இடம் கொடுத்தார். பார்வையாளரை மந்தையாக நினைக்கிறவர் இப்படிச் செய்வாரா?

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் போகிறவர்கள் உண்டு; தாளம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறவர்களும் உண்டு. மிருதங்க வித்வான் சபையை அவமதித்தார் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

வார்ஹோல் 'கேமராவை வைத்துவிட்டுப் போய்விட்டார்' என்று சொல்வதும் தவறு. 'ஸ்லீப்' ஒரே ஷாட் அல்ல. பல கோணங்களில் எடுத்த துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒட்டிச் செய்தது. ஒரே சுவாசம் மறுபடி வருகிறது என்பதைக் கண்டுகொள்ளும் பொறுமை பார்வையாளருக்கு உண்டு என்று அந்தப் படம் நம்புகிறது.

இன்னொரு படத்தைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் 1963இல் செய்த 'மாத்லைட்'. பிலிம் வாங்க அவரிடம் பணம் இல்லை. விளக்கில் மோதிச் செத்த விட்டில் பூச்சிகளின் சிறகுகளைப் பொறுக்கினார். பூவிதழ், புல், விதைகளைச் சேர்த்துக்கொண்டார். அவற்றை 16 மி.மீ. அகலமுள்ள ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாக்கள் இரண்டுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அந்த நாடாவிலிருந்து பிரதி எடுக்கப்பட்டது. கேமராவே இல்லாமல் ஒரு படம். சுமார் 4 நிமிடம், ஒலி கிடையாது. சிறகின் நரம்புகள் ஒரு கணம் தெரியும். அடுத்த கணம் பழுப்பு நிறச் சிதறல். அதற்கடுத்து ஒரு புல்லின் பச்சை, கண் பற்றிக்கொள்வதற்குள் போய்விடும். இங்கே அழு, இங்கே சிரி என்று பின்னணி இசை நம் தோளைத் தட்டுவதில்லை. என்ன உணர்வது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார் பிராக்கேஜ். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கலைஞன் எனக்குத் தர முடியுமா?

இந்தச் சினிமா மேட்டுக்குடிகளின் பொழுதுபோக்கு என்றார் எதிரணி அம்மையார். இயக்குநர் புரூஸ் பெய்லி 1961இல் கலிஃபோர்னியாவின் கேன்யன் என்ற சிற்றூரில் தன் வீட்டுக் கொல்லையில் திரை கட்டி அக்கம்பக்கத்தாருக்குப் படம் காட்டினார். 'கேன்யன் சினிமா' என்ற பரிசோதனைப் பட அமைப்பு அங்கேதான் பிறந்தது. 1962இல் நியூயார்க்கில் மேகஸும் தோழர்களும் தொடங்கிய, படங்களை வாடகைக்கு விடும் கூட்டுறவு அமைப்பு, யார் படத்தையும் தரம் பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை. பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் நின்றன. பெரியவர், சிறியவர் கிடையாது. சலிப்பூட்டும் படங்களும் அதில் சேரத்தான் செய்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது நல்லது என்று முன்கூட்டியே ஒரு குழு தீர்மானிக்கவில்லை. அந்த வேலை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறவர் கையில் இருந்தது.

இன்னொரு பரிசோதனைக் கலைஞர் டோனி கான்ராட் 1966இல் எடுத்த 'தி ஃப்ளிக்கர்' கறுப்பு, வெள்ளைச் சட்டகங்கள் மட்டுமே மாறி மாறி மின்னும் அரை மணி நேரப் படம். வலிப்பு வரக்கூடும் என்ற எச்சரிக்கை படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. விரும்பாதவர் வெளியேறலாம். ஆபத்தைச் சொல்லிவிட்டு முடிவை நம்மிடம் விடுவதை அவமதிப்பு என்று எப்படிச் சொல்வது?

அவமதிப்பு எங்கே நடந்தது தெரியுமா? இயக்குநர் ஜாக் ஸ்மித் காலாவதியான பிலிமில் எடுத்த 'ஃப்ளேமிங் கிரீச்சர்ஸ்' 1963 இறுதியில் பெல்ஜியத்தின் க்னோக்கே நகரில் நடந்த பரிசோதனைப் பட விழாவுக்குப் போனது. திரையிட முடியாது என்றது தேர்வுக் குழு. மேகஸ் நடுவர் குழுவிலிருந்து விலகி, விடுதி அறையில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். புத்தாண்டுக்கு முந்தைய இரவில் அரங்கின் புரொஜெக்டர் அறைக்குள்ளேயே புகுந்து படத்தை ஓட்டினார், மின்சாரத்தைத் துண்டித்தார்கள். 1964 மார்ச் 3 அன்று நியூயார்க்கில் போலீஸ் வந்து, அதைத் திரையிட்ட மேகஸையும் இயக்குநர் கென் ஜேக்கப்ஸையும் கைது செய்து, படத்தையும் பறிமுதல் செய்தது. ஆபாசம் என்று தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு நிறுத்திவைக்கப்பட்டது.

மேல்முறையீடு 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று தள்ளுபடியானது. தண்டனையை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியவர் நீதிபதி ஏப் ஃபோர்டாஸ் ஒருவரே. மறு ஆண்டு அவர் தலைமை நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டபோது, அதை எதிர்த்த செனட்டர் ஸ்டிராம் தர்மண்ட் இதே படத்தைத் தருவித்து, சக செனட்டர்களுக்குப் போட்டுக் காட்டினார்!

நடுவர் அவர்களே, எதிரணியின் கடைசிப் பேச்சாளர் இனி மேடைக்கு வருவார். ஒரே ஒரு கேள்விக்கு அவர் விடை சொல்லட்டும். செனட்டர்களின் கண்ணுக்குத் தீங்கு செய்யாத படம், நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த நியூயார்க் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணை மட்டும் கெடுத்துவிடும் என்று சொன்னவர்களா பார்வையாளரை மதித்தவர்கள்? அதற்கு அவர் ஆம் என்று சொன்னால், தீர்ப்பை அவர்களுக்கே கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.